தேதி தெரியாத காத்திருப்பு

பெருந்தொற்றுக் காலத்தில் மனம் நிலைகுலைய நோயைப் பற்றிய அச்சம் ஒரு காரணம். அதற்குச் சற்றும் குறையாத வேறு காரணங்களும் உண்டு. அடைப்பு எத்தனை நாள் நீளும் என்று தெரியாதது, வருமானம் நின்றுபோவது, வேளைக்குச் சாப்பாடும் தேவையான பொருளும் வந்துசேராதது, முன்னுக்குப்பின் முரணான அறிவிப்புகள், ‘தொற்று உள்ளவன்’ என்ற முத்திரை ஆகியவை அவை. சார்ஸ், எபோலா போன்ற முந்தைய தொற்றுகளில் தனிமைப்படுத்தப்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, 2020 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த மீளாய்வு ஒன்று இந்தக் காரணங்களைத் தெளிவாகவே எடுத்துரைத்தது. இரண்டு மாதம் கழித்து, அவை அத்தனையும் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன.

சிங்கப்பூருக்கு இது அறியாத பாடமும் இல்லை. 2003-ல் சார்ஸ் இங்கு 238 பேரைத் தொற்றியது. 33 பேர் இறந்தனர். அப்போது ஒரு வட்டார மருத்துவமனையின் மருத்துவர்களிடமும் தாதியரிடமும் நடத்தப்பட்ட ஆய்வில் 27 விழுக்காட்டினரிடம் மனநலப் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டன. தொற்றுநோய் நுரையீரலோடு நிற்பதில்லை என்பது அப்போதே பதிவான உண்மை. ஆனாலும், 2020 ஜனவரி 23-ல் முதல் கொவிட்-19 நோயாளி உறுதிசெய்யப்பட்ட இந்த நாட்டில் மனநலத்துக்கென்று தனிப் பணிக்குழு அமைந்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான்.

பெருந்தொற்றின் மனநல வரலாற்றைப் பார்க்க ஈசூன் ஏற்ற இடம். ரப்பர், அன்னாசித் தோட்டங்களால் செல்வரான லிம் நீ சூனின் பெயரைத் தாங்கும் இந்த வடபகுதி நகரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். எண்பதுகளில் இங்குள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்குக் குடிவந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. வடக்கே சிறிது தூரத்தில் ஜோகூர்க் கடற்பாலம். ஊருக்குள்ளேயே தொழிற்பேட்டைகள். பக்கத்துச் செம்பவாங்கில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகள். 2010-ல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை இவை எல்லாவற்றுக்கும் பொது. மூத்தோர், எல்லை தாண்டி வேலைக்கு வருவோர், கட்டுமான, கப்பல் பட்டறை ஊழியர், மருத்துவப் பணியாளர் என்று பெருந்தொற்று வெவ்வேறு விதமாக வதைத்த நான்கு கூட்டத்தாரும் இவ்வட்டாரத்தில் அன்றாடம் ஒருவரையொருவர் கடந்துபோகிறவர்கள்.

பூட்டப்பட்ட விடுதிகள்

2020 ஏப்ரல் 5-ஆம் தேதி பொங்கோல் எஸ்11 விடுதியும் வெஸ்ட்லைட் தோ குவான் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலுமாகச் சுமார் 20,000 பேர் இருந்தனர். செம்பவாங்கின் கொக்ரேன் லாட்ஜ் உட்பட விடுதிமேல் விடுதியாகப் பட்டியல் நீண்டது. ஏப்ரல் 7-ல் ‘சர்க்கிட் பிரேக்கர்’ எனப்பட்ட நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 21-லிருந்து எந்த விடுதிக்குள்ளும் யாரும் போகவோ வரவோ முடியாத நிலை. அப்போது விடுதிகளில் இருந்தவர்கள் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஓர் அறையில் பன்னிரண்டு பேருக்கும் மேல், இரட்டை அடுக்குக் கட்டில்கள், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையற்கட்டு என்பதே பல விடுதிகளின் அமைப்பு. ஒரு மீட்டர் இடைவெளி விடும்படி சொன்ன அறிவிப்பு, அந்த அறையில் இருப்பவரிடம் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டது.

2020 டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் 54,505 பேருக்குப் பரிசோதனையில் தொற்று உறுதியானது. மேலும் 98,289 பேருக்கு முன்பே தொற்று வந்துபோனதை இரத்தப் பரிசோதனை காட்டியது. மொத்தம் 47 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர். ஆனால் அதுவரை நோயால் இறந்த ஊழியர்கள் இருவர் மட்டுமே. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதும், மருத்துவக் குழுக்கள் விடுதிகளுக்கே சென்று சிகிச்சை அளித்ததும் அதற்குக் காரணம். உயிர்களைக் காத்த வகையில் இது பெரிய சாதனை; அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. விடுதிகளில் ஏற்பட்ட நெடுங்காலச் சேதம் வேறிடத்தில் நிகழ்ந்தது.

பணத்திலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டிலிருந்து முதன்முறை வரும் ஊழியர் ஏஜெண்டுக்குக் கட்டும் தொகை லட்சக்கணக்கில் இருக்கும். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டக் குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒத்திக்கு விட்டும் வட்டிக்கு வாங்கியும் புரட்டுகிற பணம் அது. அடிப்படைச் சம்பளத்தில் வட்டி அடையாது. ஓவர்டைம் பார்த்தால்தான் வட்டியும் கட்டி வீட்டுக்கும் அனுப்ப முடியும். வேலைத்தளங்கள் மூடியபோது முதலில் போனது ஓவர்டைம். முதலாளிகள் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு வலியுறுத்தியது. ஊழியர் தீர்வையைத் தள்ளுபடி செய்து, ஓர் ஊழியருக்கு 750 வெள்ளி வீதம் முதலாளிகளுக்குத் திருப்பித் தந்தது. அந்த உதவி வந்திராவிட்டால் பல கம்பெனிகள் அப்போதே ஆள்களை ஊருக்கு அனுப்பியிருக்கும். ஆனால் வேலை பெர்மிட் ரத்தாகி, கடனோடு ஊர் திரும்ப நேருமோ என்ற கேள்வியை எந்தச் சலுகையும் அழித்துவிடவில்லை. இரவில் தூக்கத்தைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தக் கேள்விதான்.

தமிழ் ஊழியர் ஒருவர் மருத்துவரிடம் தமக்கு மனச்சோர்வு என்று சொல்வது அரிது. தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் சொல்வார். உடம்பின் வழியாக மனத்தைச் சொல்வது நம் பழக்கம். அனுபவமுள்ள மருத்துவர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். கொவிட் காலத்தில் அந்த வழியும் அடைபட்டது. நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல், உடல் அசதி எல்லாமே நோய்த்தொற்றின் அறிகுறிகளாகவும் இருந்ததால், வாய் திறந்தால் உடனே வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற எண்ணம் வாயை மூடவைத்தது. கூட்டாளிகள் இருந்த அறையை விட்டு, யாரையும் தெரியாத தனிமைப்படுத்தும் இடத்துக்குப் போவது பலருக்கு நோயைவிடப் பெரிய பயமாக இருந்தது.

வதந்தியின் பங்கும் பெரிது. யேல்-என்யுஎஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு, முழு அடைப்பில் இருந்தவர்களிடமும், கொவிட் பற்றிய வதந்திகளுக்கு ஆளானவர்களிடமும் மன அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. கைப்பேசி ஒன்றே வெளியுலகமாகச் சுருங்கிய அறையில் இது வியப்பில்லை. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வாட்ஸ்அப் குரல்பதிவு நொடியில் அறை முழுவதும் பரவும். மெய்யான அறிவிப்பு மொழிபெயர்க்கப்பட்டு வருவதற்குள் அந்தக் குரல்பதிவே உண்மையாகிவிடும். தமிழ் இங்கு அதிகாரத்துவ மொழி என்பதால் தமிழ் ஊழியர்களுக்குச் சற்று வசதி. தாதியரில், தொண்டூழியர்களில், அமைச்சு அதிகாரிகளில் தமிழ் பேசுகிறவர்கள் இருந்தார்கள். வங்காளம் மட்டுமே தெரிந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். மருத்துவப் படிப்பை முடித்திருந்த ஓர் இளம்பெண் அந்த ஏப்ரலில் மருத்துவர்களுக்காக வங்காள மொழிபெயர்ப்பு இணையத்தளம் ஒன்றை அவசர அவசரமாக உருவாக்கினார். பிறகு அதில் தமிழ் உள்ளிட்ட வேறு மொழிகளும் சேர்ந்தன. எங்கே வலிக்கிறது என்பது போன்ற எளிய கேள்விகளுக்கே தனி ஏற்பாடு தேவைப்பட்டது என்றால், மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு எவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கும்!

2020 நடுப்பகுதியில் விடுதிகளில் தற்கொலை, தற்கொலை முயற்சி பற்றிய செய்திகள் வெளிவந்தன. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுகையில் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை என்று மனிதவள அமைச்சு ஆகஸ்டில் கூறியது. எண்ணிக்கை கூடாதிருந்தது நல்ல செய்தி. ஆனால் தற்கொலை எண்ணிக்கையை மட்டும் மனநலத்தின் அளவுகோலாகக் கொள்ள முடியாது. துயரத்தின் மிகப் பெரும்பகுதி அந்தக் கணக்குக்கு வெளியே, கட்டிலின் திரைக்குப் பின்னால் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2020 ஜனவரி 1-ல்தான் நீங்கியிருந்தது. உதவி கேட்டால் போலிஸ் வரும், பெர்மிட் போகும் என்ற பயம் ஒரு சட்டத் திருத்தத்தோடு ஊழியர்களின் மனத்திலிருந்து போயிருக்காது.

2020 நவம்பரில் மனிதவள அமைச்சு ‘டான்’ என்ற திட்டத்தை அறிவித்தது. மனநலக் கழகமும், 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவ உதவி செய்துவரும் ஹெல்த்சர்வ் அமைப்பும், வெளிநாட்டு ஊழியர் நிலையமும் அதில் பங்காளிகள். ஊழியர்களின் மொழிகளில் தொலைபேசி ஆலோசனை, மனத்தளர்ச்சியின் அறிகுறிகளைக் கண்டுகொள்ளச் சக ஊழியர்களுக்கே பயிற்சி, தேவைப்பட்டோரை நிபுணரிடம் அனுப்பும் வழி ஆகியவை இதன் கூறுகள். இவற்றில் மிகப் பயனுள்ளது சக ஊழியர்களுக்கான பயிற்சிதான். வெள்ளைச் சட்டை அணிந்த அதிகாரியிடம் சொல்லாததை, மேல்கட்டிலில் படுத்திருக்கும் ஊர்க்காரரிடம் ஒருவர் சொல்லக்கூடும்.

வேலி நீண்ட இரண்டு ஆண்டுகள்

நாட்டின் முடக்கம் 2020 ஜூன் 1-ல் முடிந்தது. ஜூன் 19 முதல் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றானது. ஆகஸ்ட் தொடக்கத்தில், தனிமைப்படுத்தலுக்கென ஒதுக்கிய சில புளோக்குகள் தவிர எல்லா விடுதிகளும் தொற்று நீங்கியவையாக அறிவிக்கப்பட்டன; ஊழியர்கள் வேலைக்குத் திரும்பினர். இதற்குப் பிறகு நடந்தவைதான் மனநலம் பற்றிய பேச்சில் அதிகம் கவனிக்கப்படாமல் போனவை.

விடுதி, லாரி, வேலைத்தளம், மீண்டும் விடுதி. இவற்றைத் தாண்டி வேறிடம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. அக்டோபர் கடைசியிலிருந்து, அனுமதி பெற்று ஓய்வுநாளில் பொழுதுபோக்கு நிலையங்களுக்கு மட்டும் போய்வரலாம் என்றானது. ஊழியர் கட்டிய அடுக்குமாடிகளிலும் ரயில் நிலையங்களிலும் மற்றவர்கள் நடமாடத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியும் அவருக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா எட்டாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா என்ன என்பதை, அங்கே போகத் தேவையில்லாதவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். அங்கே ஊருக்குப் பணம் அனுப்பலாம், முடிவெட்டிக்கொள்ளலாம், வீரமாகாளியம்மன் கோயிலில் விளக்கேற்றலாம், அங்கூலியா பள்ளிவாசலில் தொழலாம். வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, வேறு விடுதியிலிருந்து வந்த அண்ணனையும் மச்சானையும் பங்காளியையும் பார்த்து ஊர் நிலவரம் பேசலாம். வாரத்தில் ஆறு நாள் பெர்மிட் எண்ணாக இருப்பவர் அந்த ஒருநாள் இன்னார் மகன், இன்ன ஊர்க்காரர் என்று ஆகிறார். மனநல மருத்துவம் ‘சமூகப் பிணைப்பு’ என்று எதை வலியுறுத்துகிறதோ அது லிட்டில் இந்தியாவின் தெருக்களில் ஆலோசகர் யாருமின்றி, கட்டணமின்றி நடந்துகொண்டிருந்தது. 2013 டிசம்பர் 8-ல் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு ஊழியர்கள் கூடுவதையே ஓர் அபாயமாகப் பார்க்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது. தொற்று அந்தப் பார்வைக்கு மருத்துவக் காரணமும் கொடுத்தது.

2021 செப்டம்பர் 15-ல், தடுப்பூசி போட்ட ஊழியர்களின் முதல் குழு முன்னோட்டத் திட்டத்தின்கீழ் லிட்டில் இந்தியாவுக்கு வந்தது. வாரத்துக்கு 500 பேர் வரை, ஆறு மணி நேரம், முன்னும் பின்னும் பரிசோதனை. அதே வேகத்தில் போயிருந்தால் மூன்று லட்சம் பேருக்கும் ஆளுக்கு ஒருமுறை வாய்ப்புக் கிடைக்கப் பதினொரு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். முன்னோட்டம்தான் என்பதால் அந்த எண்ணிக்கையை அரசாங்கம் படிப்படியாக உயர்த்தியது. அக்டோபர் 30 முதல் நாளொன்றுக்கு 3,000 பேர்; 2022 மார்ச் நடுவில் வாரநாள்களில் 15,000, வார இறுதியில் 30,000. வெளியே போகும் அனுமதிச்சீட்டு தேவையில்லை என்றானது 2022 ஜூன் 24-ல். அப்போதும் ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

2020 ஏப்ரலிலிருந்து 2022 ஜூன் வரை இருபத்தாறு மாதங்கள். இவ்வளவு கால வரையறை முதல்நாளே சொல்லப்பட்டிருந்தால்கூட மனம் ஏதோ ஒரு வகையில் தயாராகியிருக்கும். சிறைத் தண்டனைக்குக்கூட முடிவுத் தேதி உண்டு. விடுதியில் இருந்தவருக்கு அடுத்த அறிவிப்பு வரும்வரை என்பதே பதில். அடுத்த அறிவிப்பும் பல சமயம் அதே பதிலையே கொண்டுவந்தது. தொடக்க மாதங்களில் இதைத் தவிர்த்திருக்க முடியாது. கிருமியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாத காலம் அது. பெரும்பாலோர் தடுப்பூசி போட்டு முடித்த பிறகும் அதே நிலையை நீட்டித்ததற்கு, நெருக்கமான வாழிடத்தில் தொற்று வேகமாகப் பரவும் என்ற காரணம் சொல்லப்பட்டது. நெருக்கமான வாழிடம் ஊழியர் தேர்ந்தெடுத்தது அல்ல. அதன் விலையை அவரே தம் மனத்தால் கட்ட நேர்ந்தது தவறு.

ஊரில் நேர்ந்த சாவுகள் இந்தக் காலத்தின் மிகக் கொடிய பகுதி. இந்தியா 2020 மார்ச் 23 முதல் வழக்கமான அனைத்துலக விமானச் சேவைகளை நிறுத்தியது. அவை முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27-ல். இடையில் ‘வந்தே பாரத்’ சிறப்பு விமானங்கள் இருந்தன. ஆனால் போனவர் திரும்பி வர முடியுமா என்பதற்கு உறுதி இல்லை. 2021 ஏப்ரல் 23 நள்ளிரவு முதல், இந்தியாவிலிருந்து திரும்பும் ஊழியர்களுக்குச் சிங்கப்பூர் கதவை அடைத்தது. தமிழ்நாட்டில் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போன மே மாதத்தில் இங்கிருந்தவர்கள் தாயையும் தகப்பனையும் கைப்பேசித் திரையில் வழியனுப்பினார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் விடுதி அறையில்; பதினாறாம் நாள் காரியமும் அவர் இல்லாமலே நடந்தது. தமிழ்ச் சமூகத்தில் துக்கம் தனியாள் சுமப்பது அல்ல. ஒப்பாரி, தோள் கொடுப்பது, எட்டுக்குப் படைப்பது, கருமாதி என்று ஊரே சேர்ந்து அதைச் சிறுகச் சிறுக இறக்கிவைக்கும் முறைகள் உண்டு. அவை எதுவும் இல்லாமல் துக்கப்பட்டவர்களின் மனத்தில் அந்தச் சாவு முடியாமலே நிற்கும். நீண்டுபோன துக்கம் தனியே கவனிக்க வேண்டிய மனநலப் பிரச்சினை என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலை லாரி வந்துவிடும் ஒருவருக்கு அதற்கான ஓய்வோ ஆலோசனையோ கிடைக்க வேண்டும் என்ற விதி அப்போதும் இல்லை.

வீவக வீடுகளுக்குள்

விடுதிக்கு வெளியே இருந்தவர்களின் துன்பம் அளவில் வேறு. தன்மையில் அவ்வளவு தூரமில்லை. முடக்க வாரங்களில் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போக முடியவில்லை. ஜூன் 2-க்குப் பிறகும், நாளுக்கு ஒருமுறை, இருவர் மட்டுமே போகலாம். ஈசூனில் கீழ்த்தளத்து மேசைகளில் சதுரங்கம் ஆடியும், காப்பிக்கடையில் உட்கார்ந்தும் பொழுதைக் கழித்த முதியவர்களுக்கு அந்த மேசைகளைச் சுற்றி ஒட்டிய சிவப்பு நாடாவே ஊர் விலக்குப்போல் ஆனது. தாதிமை இல்லங்களில் வருகையாளர்களுக்கு 2020 ஏப்ரல் 2-ல் தடை வந்தது. 1948-ல் தோன்றிய ஸ்ரீ நாராயண மிஷன் ஈசூனில் எல்லா இனத்தாருக்கும் நடத்திவரும் இல்லம் உட்பட எங்கும் உறவினர் நேரில் வர இயலவில்லை. மறதிநோய் உள்ள ஒருவருக்கு, மகள் ஏன் வரவில்லை என்பதைத் தினமும் புதிதாகச் சொல்ல வேண்டும். தினமும் அவர் அதைப் புதிதாகக் கேட்டு வருந்துவார்.

சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் வெளியிட்ட விவரங்களின்படி 2020-ல் 452 பேர் தற்கொலை செய்துகொண்டனர். முந்தைய ஆண்டில் அது 400. 2020-ல் இறந்தோரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 154 பேர், 1991-க்குப் பிறகு மிக அதிகம். 2021-ல் எண்ணிக்கை 378 ஆகக் குறைந்தது. கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கிய 2022-ல் 476-க்கு ஏறி, 2023-ல் மீண்டும் இறங்கியது. ஒவ்வொரு சாவுக்கும் பல காரணங்கள் உண்டு. அனைத்தையும் கொவிட் கணக்கில் எழுத முடியாது. கிருமி அடங்கியவுடன் மனமும் அடங்கிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு மட்டும் இந்த எண்கள் இடம் தரவில்லை.

எல்லை தாண்டி வருவோரின் கதை வடபகுதிக்கே உரியது. மலேசியா 2020 மார்ச் 18-ல் எல்லையை மூடியது. ஜோகூர் பாருவிலிருந்து தினமும் காலையில் வந்து இரவில் திரும்பிய, மலேசியத் தமிழர்கள் பலர் உட்பட, ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் பிள்ளைகளை விட்டு இங்கே தங்கும்படி ஆனார்கள். உட்லண்ட்ஸ், ஈசூன் வீடுகளில் வாடகை அறை தேடினர். ஆகஸ்ட் 17-ல் வந்த ஏற்பாட்டின்படி குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகே ஊர் போய்வரலாம். நிலவழிச் சிறப்புப் பயண ஏற்பாடு 2021 நவம்பர் 29-ல் தொடங்கியது; கடற்பாலம் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ல். செம்பவாங் கரையில் நின்றால் ஜோகூரின் விளக்குகள் தெரியும். அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கு அப்பா, அம்மா இரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசிக்குள் இருந்தார்கள். வீட்டுப் பணிப்பெண்களுக்கோ ஓய்வுநாளிலும் முதலாளி வீட்டைவிட்டு நகர முடியாத மாதங்கள் இருந்தன.

ஆறுதலுக்கான பொது இடங்களும் அடைபட்டன. 2020 மார்ச் 26 இரவோடு வழிபாட்டுக் கூட்டங்கள் நிறுத்தப்பட்டன. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் வளர்த்து, இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் நிற்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரம் வடபகுதிக்கே பெருவிழா. அந்த ஆண்டு காவடி ஊர்வலம் இல்லை. தைப்பூச ஊர்வலம் 2021-லும் 2022-லும் நடக்காமல் 2023-ல்தான் திரும்பியது. நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறது என்ற எண்ணம், நம்பிக்கையுள்ள மனத்தில் சிறிய பாரம் இல்லை.

மருத்துவமனைப் பணியாளர்களைப் பற்றி 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரின் இரண்டு பொது மருத்துவமனைகளில் 470 பேரிடம் நடந்த ஆய்வு எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. மருத்துவர், தாதியரில் 10.8 விழுக்காட்டினரிடம் பதற்றம் காணப்பட்டது. நோயாளிக்கு நேரடிச் சிகிச்சை அளிக்காத மற்ற ஊழியர்களிடம் அது 20.7 விழுக்காடு. ஆபத்துக்கு அருகில் நின்றவரைவிடத் தள்ளி நின்றவர் அதிகம் பதறினார். தொற்றுக்கட்டுப்பாட்டுப் பயிற்சியும் முதல்நிலைத் தகவலும் அவருக்குக் குறைவாகக் கிடைத்தது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள். விடுதிகளில் வதந்தி செய்த வேலையும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அறியாமை செய்த வேலையும் ஒன்றே. தெளிவான தகவல், உரிய நேரத்தில், புரியும் மொழியில் கிடைப்பது மனநலச் சிகிச்சையின் முதல் மருந்து.

அதன் பிறகு

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. முடக்கம் தொடங்கிய நான்காம் நாள், 2020 ஏப்ரல் 10-ல், தேசிய பராமரிப்புத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. ஜூனில் ‘மைண்ட்லைன்’ இணையத்தளம் வந்தது. அக்டோபரில் அமைந்த பணிக்குழு அடுத்த ஆண்டு அமைச்சுகளுக்கிடையிலான பணிக்குழுவாகி, அதன் பரிந்துரைகளிலிருந்து 2023 அக்டோபர் 5-ல் தேசிய மனநல, நல்வாழ்வு உத்தி வெளியானது. 1928-ல் தோன்றிய மனநோய் மருத்துவமனையின் ‘உட்பிரிட்ஜ்’ என்ற பெயரே ஏளனச் சொல்லாக வழங்கிய காலத்தைக் கடந்து, மனநலம் என்பது பொதுமருத்துவரும் பள்ளியும் வேலையிடமும் பேசும் விஷயமாக இங்கு மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் பெருந்தொற்று விரைவுபடுத்தியது.

தேவையும் வளர்ந்திருக்கிறது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் கூறியது. சிங்கப்பூரின் தேசிய மக்கள் சுகாதார ஆய்வில், மனநலம் குன்றியோர் 2020-ல் 13.4 விழுக்காடு, 2022-ல் 17 விழுக்காடு. 18 முதல் 29 வயதினரில் நான்கில் ஒருவர். விடுதி ஊழியர்கள் இத்தகைய ஆய்வுகளின் வரம்புக்குள் வருவதில்லை. நாட்டின் மனநலக் கணக்கில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

விடுதித் தரத்தைக் கட்டடப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதும் மாற வேண்டும். 2021 செப்டம்பரில் அறிவித்த புதிய தரப்படி, புதிதாகக் கட்டும் விடுதியில் ஓர் அறைக்கு 12 பேர்வரை, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். பழைய விடுதிகளுக்கு இடைக்காலத் தரத்தை எட்ட 2030 வரை அவகாசம். முழுத்தரத்தை எட்ட 2040 வரை. அடுத்த தொற்று அதற்கு முன்பே வரக்கூடும். அப்போதும் அறைகளை முதலில் பூட்ட நேரலாம். பூட்டும் அன்றே மறுபரிசீலனை நடக்கும் தேதியைச் சொல்வதும், அறிவிப்பை ஆங்கிலத்தில் வெளியிடும் அதே மணியில் தமிழிலும் வங்காளத்திலும் வெளியிடுவதும், ஊரில் சாவு நேர்ந்தவருக்குச் சம்பளத்தோடு சில நாள் விடுப்பும் பேசத் துணையும் தருவதும், தடுப்பூசி போட்ட ஊழியருக்கும் மற்ற மக்களுக்கும் ஒரே விதியை வைப்பதும் தொற்றுத் தயார்நிலைத் திட்டத்தில் இப்போதே எழுதப்பட வேண்டும். இவை எதற்கும் பெருஞ்செலவு இல்லை. தமிழ் பேசும் மனநல ஆலோசகர்களைப் பெருக்குவதற்கு மட்டும் ஆண்டுகள் ஆகும் என்பதால் அதை உடனே தொடங்க வேண்டும்.

மனத்தில் பாரம் உள்ளவர்கள் தொற்றுக் காலம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணும், 2025 ஜூனில் தொடங்கிய தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையின் 1771 என்ற எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. விடுதியில் இருக்கும் தெரிந்தவர் யாருக்கேனும் இந்த எண்களைச் சொல்லி வையுங்கள்.